எர்ணாவூர் என்றதும் சவாரியைத் தட்டிவிடுகிறார்கள்: ஓன் போர்டு கார் வைத்துக்கொள்ளலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

வடசென்னையில் எர்ணாவூர்ப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து எழுதியிருக்கிறார் இந்த வாசகி. பாரிமுனையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை. அம்மாவுக்கு வயது 63. செவ்வாயும் வெள்ளியும் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். வீட்டிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். காலையில் போவதற்கு எப்படியாவது வண்டி கிடைத்துவிடுகிறது. மாலையில் திரும்புவதுதான் பாடு. ஆப்பில் புக் செய்தால் வண்டி வருவதாகக் காட்டும். ஓட்டுநர் போன் செய்து, "டிராப் எங்க மேடம்?" என்பார். எர்ணாவூர் என்று சொன்னதும், "அங்கேர்ந்து காலியா வரணும், நீங்களே கேன்சல் பண்ணிடுங்க" என்று வைத்துவிடுவார். இவர் கேன்சல் செய்தால் அடுத்த சவாரியில் அபராதம் ஏறி நிற்கும். மருத்துவமனை வாசல் ஸ்டாண்டில் 350 ரூபாய்க்குக் குறைந்து பேச்சே இல்லை. போன மாதம் ஒரு மாலை, டயாலிசிஸ் முடிந்து பிரஷர் இறங்கிப்போன நிலையில் அம்மா ஒன்றரை மணி நேரம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாராம்.

அதன் பிறகு குடியிருப்போர் சங்கத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது. வாசகியின் தம்பி கடனில் வாங்கிய ஓன் போர்டு கார் (சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை போர்டு வண்டி) ஒன்று, இன்னும் மூன்று வீட்டுக்காரர்களின் கார்கள். ஒரு வாட்ஸ்அப் குழு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று விலை. சங்கத்துக்கு ஒரு சவாரிக்குப் பத்து ரூபாய். குடியிருப்பு இருக்கும் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டின் தலைவர் இதைக் கேள்விப்பட்டு, "வெளி வண்டி எதுவும் உள்ளே வராது" என்று சொல்லியிருக்கிறார். ஊரில் வண்டி அளவுக்கு மேல் பெருகிவிட்டது, அரசு புது பெர்மிட்டே கொடுக்கக் கூடாது என்பதும் அவர் கட்சி. வாசகி நினைப்பது நேர் எதிர்: வடசென்னைக்கு அரசு குறைவான டாக்ஸிகளை ஒதுக்கியிருக்கிறது, பொதுநல வழக்குப் போட்டால் கூடுதலாக வரும்.

அவர் கேட்பவை நான்கு. ஓன் போர்டு கார் திட்டம் சட்டப்படி சரியா? சவாரியைத் தட்டிவிடும் ஆப் நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுக்க முடியுமா? ஸ்டாண்டுக்காரர்கள் தடுக்க முடியுமா? பொதுநல வழக்கு எடுபடுமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் தம்பி காரைப் பற்றி. மற்ற மூன்றும் காத்திருக்கலாம். இது காத்திருக்காது, ஏனென்றால் குழுவில் ஏற்கெனவே இரண்டு சவாரிக்குக் காசு வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே நிறுத்துங்கள்.

வெள்ளை போர்டு காரில் சொந்தக்காரரை, நண்பரை, பக்கத்து வீட்டு அம்மாவை ஏற்றிப் போவதில் எந்தத் தப்பும் இல்லை. காசு வாங்கி ஏற்றினால் அது வாடகை வாகனம். வாடகை வாகனம் ஓட, மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 192-ஏ பிரிவு. முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் அதில் இருக்கிறது. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டவிட்டவரும் அந்தப் பிரிவுக்குள் வருவார்.

"நோயாளியை ஆஸ்பத்திரிக்குத்தானே கூட்டிப் போகிறோம், அதற்கு விலக்கு உண்டாமே" என்று யாரோ சங்கத்தில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சொன்னவர் பாதி சரி. அதே 192-ஏ பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அது அவசர நேரத்துக்கு மட்டும். அதிலும், அப்படிப் பயன்படுத்தியதை ஏழு நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாரம் இரண்டு முறை, மணி குறித்து வைத்துப் போகிற டயாலிசிஸ் அவசரம் என்ற சொல்லுக்குள் வராது. நெஞ்சு வலி என்று நள்ளிரவில் தம்பி வண்டியை எடுத்தால், அது வேறு. அப்போது யாரும் தயங்க வேண்டாம்.

அபராதத்தைவிட எனக்குப் பயம் இன்ஷூரன்ஸ் மேல்தான். சொந்த உபயோகக் காரின் பாலிசியில் 'வாடகைக்கோ பலனுக்கோ ஓட்டக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். எர்ணாவூர் மேம்பாலத்தில் ஒரு கண்டெய்னர் லாரி உரசினால் போதும். வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்டுப் போனால், கம்பெனி முதலில் கேட்பது அன்றைக்கு வண்டியில் யார் இருந்தார்கள் என்பதைத்தான். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் 'கிலோமீட்டருக்கு இவ்வளவு' என்று போட்டிருக்கும் செய்தியே அவர்களுக்குப் போதிய சாட்சி. மூன்றாம் நபருக்கு அடிபட்டால், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் சொல்வதுண்டு. அந்த உரிமையாளர் உங்கள் தம்பி. இன்னும் காருக்கே தவணை கட்டி முடிக்காதவர்.

இன்னொன்று. டாக்ஸியைவிட எங்கள் வீட்டுக் கார்கள் சுத்தம், அதனால் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சுத்தம் சரி. பாதுகாப்பு என்ற இரண்டாவது பாதியை நான் ஏற்கவில்லை. சொந்தக் கார் வாங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு வரை யாரும் அதன் பிரேக்கை அழுத்திப் பார்க்கப் போவதில்லை. வாடகைக்குப் பதிவான மஞ்சள் போர்டு வண்டி முதல் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுச் சோதனைக்கு, போயாக வேண்டும். எஃப்.சி. எப்படி நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் பார்க்கிறார் என்பதற்கும் யாருமே பார்ப்பதில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

சங்கத்துக்குப் பத்து ரூபாய் என்பதையும் விட்டுவிடுங்கள். பயணியையும் ஓட்டுநரையும் இணைத்துவைக்கும் டிஜிட்டல் இடைத்தரகருக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 93-ஆம் பிரிவின் கீழ் உரிமம் வேண்டும். இல்லாமல் நடத்தினால் அபராதம் 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை. ஒரு வாட்ஸ்அப் குழு அந்த வரையறைக்குள் விழுமா என்பது வாதத்துக்கு உரியது. விழாது என்றே நான் வாதாடுவேன். ஆனால் கமிஷன் வாங்காத குழுவுக்காக வாதாடுவது சுலபம். வாங்குகிற குழுவுக்காக வாதாட வியர்க்கும்.

தட்டிவிடுவது ஏன்

உங்கள் கடிதம் முழுக்க ஓட்டுநர்கள் மேல் கோபம். அம்மா படியில் உட்கார்ந்திருந்த அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு கோபம் வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் அந்த 350 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் தீர்வு அதற்குள்தான் இருக்கிறது.

2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12. உங்கள் 11 கிலோமீட்டருக்கு 135 ரூபாய் சொச்சம் வரும். அதன் பிறகு பல ஆண்டு அந்தக் கட்டணம் அப்படியே கிடந்தது. எரிபொருள் விலை அப்படியே கிடக்கவில்லை. 2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே 1.8 கிலோமீட்டருக்கு 50, பிறகு கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்தன. அது அரசு நிர்ணயித்த கட்டணம் இல்லை. அந்தக் கணக்கில் போட்டாலும் உங்கள் சவாரி 216 ரூபாய்தான். அப்புறம் 350 எங்கிருந்து வந்தது? போக 11, காலியாகத் திரும்பி வர 11, மொத்தம் 22 கிலோமீட்டர். 350-ஐ 22-ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 16 ரூபாய் கூட வராது. அவர் உங்களிடம் வாங்குவது இரண்டு சவாரிக் காசு. இரண்டாவது சவாரியில் ஆள் இல்லை.

எர்ணாவூரில் இறக்கிவிட்ட பிறகு அந்த நேரத்தில் தெற்கே வர யார் கைகாட்டுவார்கள்? டோல்கேட் வரை வந்தால்தான் அடுத்த ஆள். நடுவில் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள். அரை மணி நேரம் அந்த வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், 2013 மீட்டர் காத்திருப்புக் கட்டணமாக அவருக்குத் தருவது 21 ரூபாய். ஐந்து நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய் கணக்கு. இதனால் அவர் உங்களை ஏற்ற மறுத்தது சரி என்று ஆகிவிடாது. ஆனால் திமிர் என்று நினைத்தால் ஒரு வழி தோன்றும், நஷ்டக் கணக்கு என்று தெரிந்தால் வேறு வழி தோன்றும்.

இதில் 'கோட்டா' என்று எதுவும் இல்லை. வடசென்னைக்கு இத்தனை டாக்ஸி, தென்சென்னைக்கு இத்தனை டாக்ஸி என்று அரசு பிரித்துக் கொடுப்பதில்லை. தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டி கிண்டியில் ஓடலாம், ஓடுகிறது. சவாரி நெருக்கமாகக் கிடைக்கிற இடத்துக்கு வண்டி போகும். அவ்வளவுதான்.

ஸ்டாண்டு தலைவர் சொல்லும் உச்சவரம்புக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஐந்து லட்சத்துக்குக் குறையாத மக்கள்தொகை உள்ள நகரங்களில், மத்திய அரசு பணித்தால், மாநில அரசு அறிவிக்கை மூலம் வாடகை வாகனங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறது 74-ஆம் பிரிவு. டெல்லியில் உச்ச நீதிமன்றமே 1997-இல் ஆட்டோக்களுக்கு உச்சவரம்பு வைத்தது, 2011-இல் அதை ஒரு லட்சமாக உயர்த்தியது. அங்கே என்ன ஆயிற்று? பெர்மிட்டே தனி வியாபாரப் பொருள் ஆனது. வண்டி விலைக்கு மேல் பெர்மிட்டுக்குக் கறுப்பில் விலை. நியூயார்க்கில் 1937-இல் தொடங்கிய டாக்ஸி உரிமத் தகடுகள் 2014 வாக்கில் பத்து லட்சம் டாலருக்கு மேல் விற்றன. ஆப் டாக்ஸிகள் வந்ததும் விலை தரைதட்டியது. கடன் வாங்கித் தகடு வாங்கிய ஓட்டுநர்கள் தெருவுக்கு வந்தார்கள். எண்ணிக்கையை இறுக்கினால் ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குக் கொஞ்ச காலம் லாபம். தளர்த்தினால் ஏற்கெனவே நெரிசலான இடத்தில் நெரிசல் கூடும். இரண்டிலுமே ஒரு வண்டி எர்ணாவூருக்குக் கூடுதலாக வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பிரச்சினை ஊரில் எத்தனை வண்டி என்பது அல்ல. வந்த வண்டி வர மாட்டேன் என்று சொன்னால் சட்டம் என்ன செய்யும் என்பதுதான்.

அந்த இடத்தில்தான் சட்டம் மிகவும் நோஞ்சான். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000. சவாரிக்கு வர மறுத்தால், 178-ஆம் பிரிவின்படி ஆட்டோவுக்கு 50 ரூபாய் வரை அபராதம். மற்ற வாடகை வண்டிக்கு 200 ஆக இருந்ததை 2019-இல் 500 ஆக்கினார்கள். ஆட்டோவுக்கு 1988-இல் எழுதிய 50 அப்படியே நிற்கிறது. மறுத்துவிட்டு அந்த ஐம்பதைக் கட்டினாலும் ஓட்டுநருக்கு லாபம்தான்.

ஆப் நிறுவனத்தின் மேல் என்ன செய்யலாம்

மத்திய அரசு 2025 ஜூலையில் ஆப் டாக்ஸிகளுக்குப் புதிய வழிகாட்டி நெறிமுறைகள் வெளியிட்டது. சவாரியை ஏற்றுக்கொண்ட பிறகு தகுந்த காரணம் இல்லாமல் ஓட்டுநர் ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய், அவர் மேல் விதிக்க வேண்டும் என்கிறது அது. பயணி ரத்து செய்தாலும் அதே கணக்கு. நெரிசல் நேரக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தின் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் 80 சதவீதமாவது போக வேண்டும். பத்திரிகையில் இதைப் படித்துவிட்டு, இப்போதே இது சட்டம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 93-ஆம் பிரிவு, உரிமம் கொடுக்கும்போது மாநில அரசு இந்த நெறிமுறைகளைப் 'பின்பற்றலாம்' என்றுதான் சொல்கிறது. 'பின்பற்ற வேண்டும்' என்று சொல்லவில்லை. மாநிலம் அதை ஏற்று உரிம நிபந்தனையாக எழுதினால்தான் அதற்குப் பல் முளைக்கும். அதனால் நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பும் நோட்டீஸில் இதை ஓர் அளவுகோலாகக் காட்டலாம், அதையே முழுதும் நம்பி நிற்க வேண்டாம்.

உங்களுக்கு உறுதியான தளம் நுகர்வோர் சட்டம். 2022 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, ஊபர் இரண்டுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. ரத்துக் கட்டணமும் அதில் எழுப்பிய குறைகளில் ஒன்று. 'நாங்கள் வெறும் இடைத்தரகர், ஓட்டுநர் எங்கள் ஊழியர் இல்லை' என்று நிறுவனம் எப்போதும் சொல்லும். ஆனால் உங்கள் கணக்கிலிருந்து ரத்து அபராதத்தை எடுத்தது ஓட்டுநர் இல்லையே, நிறுவனம்தானே. கொடுக்காத சேவைக்குக் காசு வாங்கினார்கள் என்பதில் போய் நில்லுங்கள். அங்கே அவர்களுக்கு வாதம் குறைவு.

செய்ய வேண்டியது இதுதான். இனிமேல் ஓட்டுநர் சொன்னார் என்று நீங்கள் கேன்சல் பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்திய கணத்தில் ஆவணத்தின்படி தப்பு உங்களுடையதாகிவிடுகிறது. அவரே ரத்து செய்யட்டும். இன்னொரு ஆப்பில் வண்டி தேடிக்கொண்டே அது நடக்கலாம். ஓட்டுநர் பேசிய பிறகு ஆப்பின் சாட் பெட்டியில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: 'எர்ணாவூர் வர முடியாது என்கிறீர்கள், நான் ரத்து செய்யவில்லை, காத்திருக்கிறேன்.' வண்டி எண், நேரம், வண்டி நகராமல் நிற்கும் வரைபடம், எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். செவ்வாய், வெள்ளி என்று வாராவாரம் ஒரே நோயாளிக்கு, ஒரே தடத்தில் நடக்கிறது என்பதுதான் உங்கள் வழக்கின் பலம். டயாலிசிஸ் அட்டையில் இருக்கும் தேதிகளும் ஆப்பில் ரத்தான சவாரிகளின் தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எந்த ஆணையமும் ஒரு நிமிடம் நின்று பார்க்கும்.

ஒரு மாதம் இப்படிச் சேர்ந்ததும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். ரத்து அபராதம் போன்ற சின்னத் தொகைகள் பெரும்பாலும் அங்கேயே திரும்பிவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால், மனதில் பெரிய தொகை வைத்துக்கொண்டு போகாதீர்கள் என்பேன். அம்மா படியில் உட்கார்ந்த நாளுக்கு ஆணையம் போடும் விலை உங்களுக்குத் திருப்தி தராது.

ஸ்டாண்டு

ஸ்டாண்டு என்பது வண்டி நிறுத்தும் இடம். அந்தத் தெருவின் குத்தகை இல்லை. ஆப்பில் புக் செய்த ஆட்டோ உங்கள் வாசலுக்கு வந்து ஏற்றிப் போவதை யாரும் தடுக்க முடியாது. வழிமறித்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். இது உங்கள் உரிமை. ஆனால் நாளை காலையே காவல் நிலையம் போங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த முனையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மழையில் அவசரம் என்றால் முதலில் எழுந்து வருகிற வண்டியும் அந்த ஸ்டாண்டு வண்டியாகத்தான் இருக்கும். தவிர, ஓன் போர்டு காரைப் பற்றி அந்தத் தலைவர் ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு புகார் எழுதினால், சட்டம் அவர் பக்கம். பெர்மிட், எஃப்.சி., வரி என்று கட்டிவிட்டு நிற்கிறவரின் எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை.

அவரிடம் போய்ப் பேசுங்கள். எதைப் பேச என்றால், இதோ.

நான் சொல்லும் வழி

உங்கள் குடியிருப்பிலும் அக்கம்பக்கத்திலும் வாராவாரம் ஒரே நேரத்தில் மருத்துவமனை போகிறவர்கள் எத்தனை பேர் என்று எடுங்கள். உங்கள் கடிதத்திலேயே இன்னும் இரண்டு பேரைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தேதியும் நேரமும் முன்கூட்டியே தெரிந்த சவாரி என்பது ஓட்டுநருக்குப் பெரிய விஷயம். அதை நீங்கள் இதுவரை ஒரு சலுகை மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதை வியாபாரமாகப் பேசுங்கள். எர்ணாவூரிலோ விம்கோ நகரிலோ குடியிருக்கும் மஞ்சள் போர்டு ஓட்டுநர்கள் இரண்டு மூன்று பேரைப் பிடியுங்கள், ஸ்டாண்டிலிருந்தே ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. மாலையில் வீடு திரும்பும் ஓட்டுநருக்கு எர்ணாவூர் காலி ரிட்டர்ன் இல்லை, அதுதான் அவர் வீடு. 350 ரூபாயில் பாதி அங்கேயே கரைந்துவிடும். மாதக் கணக்கில் பேசினால் 250-க்கு இறங்கி வர இடமிருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் பேச்சுத் திறமையைப் பொறுத்தது.

இது சட்டப்படியும் சுத்தம். வாடகை வண்டியின் பெர்மிட்டே ஒப்பந்தத்தின் பேரில் முழு வண்டியாக அமர்த்துவதற்குத்தான். ஒன்று மட்டும் கவனம்: ஒப்பந்தத்தில் இல்லாத ஆட்களை வழியில் ஏற்றி இறக்குவது, அதாவது ஷேர் ஆட்டோ பாணி, இந்தப் பெர்மிட்டுக்குள் வராது. யார் யார் வருகிறார்கள் என்று முதலிலேயே முடிவு செய்து, ஒருவர் பேரில் வண்டியை எடுத்து, ஒருவரே பணம் கொடுங்கள். உங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வது உங்கள் பாடு.

பேசும்போது நான்கு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். டயாலிசிஸ் தாமதமானால் காத்திருப்புக்கு எவ்வளவு? அவரால் வர முடியாத நாளில் மாற்று வண்டி அனுப்புவது யார் பொறுப்பு? முன்பணம் எவ்வளவு? லாரி நெரிசலில் மாட்டினால் கூடுதல் கேட்பாரா? இதை வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் 'சரி' என்று பதில் போட்டாலே போதிய ஆதாரம். பேசி முடிப்பதற்கு முன் வண்டி எண்ணை அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். எஃப்.சி. எப்போது முடிகிறது, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று அங்கேயே தெரியும். பெர்மிட்டைக் கையில் கேட்டுப் பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரை விட்டுவிடுங்கள்.

எதுவும் கிடைக்காத மாலைக்கு ஒரு மாற்று வழியும் வைத்துக்கொள்ளுங்கள். சர் தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ, லிஃப்ட் உண்டு. அங்கிருந்து எர்ணாவூர் சின்ன சவாரி, அதை யாரும் தட்டிவிட மாட்டார்கள். பிரஷர் இறங்கிய அம்மாவை அப்படி அழைத்துப் போக முடியுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல்வரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், திருவொற்றியூர்ப் பக்கமே டயாலிசிஸ் செய்யும் மையம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். பயணமே பாதியானால் என் ஆலோசனை முழுவதும் தேவையில்லாமல் போகும், எனக்கும் சந்தோஷம்தான்.

பொதுநல வழக்கு

கட்டணம் எவ்வளவு, பெர்மிட் எத்தனை என்பதெல்லாம் அரசின் கொள்கை முடிவு. எர்ணாவூருக்கு வண்டி அனுப்பு என்று உயர் நீதிமன்றம் உத்தரவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முடிவெடுக்காமல் கிடப்பில் போட்டிருக்கும் ஒரு மனுவின் மேல் முடிவெடு என்று உத்தரவு கேட்கலாம். அதற்கு முதலில் மனு இருக்க வேண்டும். சங்கத்தின் பேரில் போக்குவரத்து ஆணையருக்கு ஒரு மனு கொடுங்கள். பொதுவாக 'டாக்ஸி வசதி வேண்டும்' என்று எழுதாதீர்கள். ஆப் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும்போது, ஏற்ற சவாரியை ரத்து செய்வதற்கான அபராதத்தை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும், ஊர் ஓரத்துச் சவாரிக்குத் திரும்பும் தூரத்தைக் கட்டணத்தில் எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டாவது கோரிக்கை உங்கள் பையிலிருந்தும் கொஞ்சம் காசு எடுக்கும் என்று சங்கத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். இப்போதும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, ரசீது இல்லாமல். ஸ்டாண்டு தலைவரும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டால் அதன் எடையே வேறு.

தம்பிக்கு உண்மையிலேயே வண்டி ஓட்டிப் பிழைக்கும் எண்ணம் இருந்தால், காரை மஞ்சள் போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்று, வரி வித்தியாசம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, எஃப்.சி., பெர்மிட், வாடகை வாகன இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். வாடகை வண்டி ஓட்டுநருக்கான பேட்ஜ் இல்லையே என்று அவர் கவலைப்பட வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை ஓட்ட, இலகுரக வாகன உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. ஆனால் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் வரியும் கூடும், நாளை காரை விற்கும்போது விலை இறங்கும். அவர் காரின் கடனில் எத்தனை தவணை பாக்கி, வண்டி எந்த ஆண்டு பதிவு என்று நீங்கள் எழுதவில்லை. அவை இரண்டையும் எழுதி அனுப்புங்கள். மாற்றுவது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.